பொன்வண்டியும் மண்வண்டியும்

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டு விறாந்தையில் அமர்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். என் மகளின் மகன் வந்து கைத்தொலைபேசியை நீட்டினான். திரையில் ஆறு சிறு பொம்மைகள். வாளேந்திய வீரன் ஒருவன், நீண்ட அங்கியணிந்த மந்திரவாதி ஒருவன், வில்லேந்திய பெண்ணொருத்தி, இன்னும் மூவர். ஒவ்வொன்றும் பெருவிரலின் மேற்கணு அளவே இருக்கும்.

“அம்மப்பா, இது வேணும். அவரவர் தங்கட ஆளைத் தாங்களே கொண்டுவர வேணுமெண்டு சொல்லிப்போட்டினம்” என்றான்.

தபாற்செலவும் சுங்கத் தீர்வையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒன்பதாயிரம் ரூபாவைத் தாண்டியது. பத்திரிகைத் தொழிலில் இருந்த நாற்பது ஆண்டுகளில் அரிசி, மாவு, மண்ணெண்ணெய், மீன் என்று எத்தனையோ பண்டங்களின் விலையேற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். பொம்மை வீரனின் விலையைப் பற்றி எழுத நேர்ந்ததில்லை. இப்போது நேர்ந்திருக்கிறது. சிறு விடயம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி அதற்குள் இன்னொரு விடயம் இருந்தது. அதை முறைப்படி சொல்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி, அறியாதவர்களுக்காக. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் கதையின் பாத்திரங்கள். “நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ மூச்சுவிடும் ஓசை கேட்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கதைசொல்லி கேட்பார். ஒவ்வொருவரும் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். அது வாய்க்குமா வாய்க்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். சண்டை வந்தால் மேசையில் கட்டம் போட்ட தாளை விரித்து, யார் எங்கே நிற்கிறார் என்று காட்டச் சிற்றுருவங்களை வைப்பார்கள். ஒரு கட்டம் ஓர் அங்குலம். கதையில் அது ஐந்தடி. வெற்றி தோல்வி என்று முடிவதில்லை. கதை அடுத்த வாரத்திற்குத் தொடரும். நம்மூர்க் கூத்தும் தாயக்கட்டையும் ஒரே பாயில் அமர்ந்தது போன்ற விளையாட்டு. இவ்வகையின் மூத்ததான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரின் ஆக்கமாக வெளிவந்தது.

எங்கள் வீட்டு விறாந்தையில் இவ்விளையாட்டு ஓராண்டாக நடக்கிறது. ஐந்து பிள்ளைகள். எல்லோரும் ஒரே பாடசாலையினர் அல்லர். ஒரே மதத்தினரும் அல்லர். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவன் ஒருவன். தந்தை சீனன்குடாப் பக்கம் வேலை பார்க்கும் சிங்களப் பிள்ளை ஒருவன். கடற்கரையோரக் குடியிருப்பிலிருந்து வரும் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து அவர்கள் போடும் கூச்சலில் என் பத்திரிகை வாசிப்புக் கெடும். நான் முறையிட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை நாலு பேர்தான் வந்திருந்தார்கள். அதற்கு முந்திய சனியும் நாலு பேரே. மீனவர் வீட்டுப் பையனைக் காணவில்லை. என்ன சுகமில்லையா என்று கேட்டேன். பேரன் தரையைப் பார்த்தான். பிறகுதான் உண்மை வந்தது. குழுவில் ஒருவனுக்கு வெளிநாட்டு உறவினர் அழகிய சிற்றுருவம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதைக் கண்டு இன்னொருவன் வாங்கினான். பிறகு, இனி ஒவ்வொருவரும் தம் உருவத்தைக் கொண்டுவருவதென்று முடிவாகியது. யாரும் யாரையும் வரவேண்டாமென்று சொல்லவில்லை. ஒருவன் மட்டும் வருவதை நிறுத்திக்கொண்டான்.

விலை என்பதைப் பொருளின்மேல் ஒட்டிய சீட்டாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பல வேளைகளில் அது வாசலில் நிற்கும் காவற்காரன். யாரையும் வாய்திறந்து தடுக்காது. வாசல்வரை வந்தவர் தாமாகவே திரும்பிப் போவார். மலிவான சிற்றுருவத்தைத் தேடுவது கஞ்சத்தனமென்றோ பொழுதுபோக்குக்காரரின் சில்லறைக் கவலையென்றோ எனக்குத் தோன்றாமற் போனதற்கு அந்த வெற்று நாற்காலியே காரணம்.

விலை ஏன் இப்படி என்பதும் நாம் அறிந்ததே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களில் அது 360 ரூபாவரை ஏறியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஐரோப்பியப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலையாக இருக்கும் பொம்மை, திருகோணமலைப் பிள்ளைக்கு வீட்டின் பல நாட் கறிச்செலவு. இதைப் பிள்ளையிடம் சொல்லி “முடியாது” என்பது எளிது. நான் அப்படிச் சொல்லவில்லை. பழைய செய்தியாளனின் வழக்கப்படி, இவ்விளையாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். அங்கே கிடைத்தது என் பேரனுக்கும் வியப்பு, எனக்கும் வியப்பு.

1974இல் வெளிவந்த அந்த முதல் விதிநூலே, சிற்றுருவங்கள் கட்டாயமல்ல, இருந்தால் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அது மட்டுமன்று. கைகக்ஸ் தம் வீட்டு மேசையில் பூதங்களுக்கு எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? ஹொங்கொங்கில் செய்து சில்லறைக் கடைகளில் பைக்குள் போட்டு விற்ற மலிவான பிளாஸ்டிக் விலங்குகளை. ‘வரலாற்றுக்கு முந்திய மிருகங்கள்’ என்று பையில் எழுதியிருந்ததாம். உள்ளே இருந்தவையோ எந்த யுகத்திலும் வாழ்ந்திராத விசித்திரப் பிராணிகள். அவற்றைப் பார்த்துத்தான் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து தின்னும் பூதமும், ஆந்தைத் தலையுடைய கரடியும், நிலத்தைத் துளைத்து வரும் ‘புலெட்’ என்னும் பிராணியும் பிறந்தன. முதலிரண்டும் 1975இன் துணைநூலில் வந்தன. மூன்றாவது 1976இல் ‘த டிராகன்’ இதழின் முதல் வெளியீட்டில் வந்தது. இன்று அதே பூதங்களின் உருவங்களை நுட்பமாக வார்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். மூலமோ சில சதத்துப் பொம்மை.

இன்னும் பின்னே போனால் இதே பாடம் மறுபடி வருகிறது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் போர்ப் பயிற்சிக்கான மேசை விளையாட்டொன்றை வகுத்து, 1812இல் அழகிய மரப்பேழையாகச் செய்து மன்னருக்கு அளித்தார். அரண்மனையில் மன்னர் குடும்பம் ஆடி மகிழ்ந்தது. அவருடைய மகன் அதே விளையாட்டைத் தாள் வரைபடமும் சிறு கட்டைகளுமாக எளிமையாக்கி 1824இல் வெளியிட்டார். அப்போதுதான் அது படை முழுவதும் பரவியது. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் ஈயப் பொம்மை வீரர்களை உள்ளே வெறுமையாக வார்க்கும் முறையைக் கொணர்ந்தது. ஈயம் குறைந்தது, விலை குறைந்தது, அதுவரை ஜெர்மனியிலிருந்து வந்த கெட்டிப் பொம்மைகளை வாங்க இயலாத வீடுகளுக்குள்ளும் பொம்மைப் படை நுழைந்தது. இவ்விளையாட்டுகளின் வரலாற்றில் ஒவ்வொரு விரிவும் யாரோ ஒருவர் விலையைக் குறைத்ததால் நிகழ்ந்ததுதான்.

நம் பக்கத்திற்கு வருவோம். கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையைச் செய்தியாகப் பலரும் வாசித்திருப்பீர்கள். அங்கே கிடைத்தவற்றுள் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும் உள்ளன. அச்சில்லுகள் எவை? உடைந்த பானையின் ஓட்டை எடுத்து விளிம்பை உருட்டித் தேய்த்தவை. உடைந்த பானைக்காக வீட்டில் யாரோ திட்டியிருப்பார்கள். அதே ஓடு மாலையில் தெருவில் ஆட்டக்காயாகியிருக்கும். நான் சிறுவனாயிருந்தபோது தாயத்துக்குச் சோழியும் புளியங்கொட்டையும், ஆடுபுலிக்குக் கூழாங்கல்லும் போதுமாயிருந்தன. கடைக்குப் போய் ஆட்டக்காய் வாங்கிய நினைவே எனக்கு இல்லை.

என் தந்தையார் கடற்படைத் தளத்தின் தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது நான் கைக்குழந்தை. அவர் பின்னாளில், சாமான் வந்த பலகைப் பெட்டிகளின் துண்டுகளைச் செதுக்கி எனக்குச் சிறு கப்பல்கள் செய்து தந்தார். விரல் நீளக் கப்பல்கள், பாய்மரத்திற்கு ஈர்க்கு. அவற்றைத் திண்ணையில் இரு வரிசையாக நிறுத்தி, இது பிரெஞ்சுக்காரன், இது வெள்ளைக்காரன் என்று 1782ஆம் ஆண்டுக் கடற்சண்டையைக் காட்டுவார். அந்த ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் திருகோணமலையைக் கைப்பற்றினார். காக்க வந்த ஹியூஸின் கப்பல்கள் சில நாள் பிந்திவிட்டன. செப்டெம்பர் 3ஆம் திகதி நகருக்கு வெளியே கடலில் இரு படைகளும் மோதின. சரித்திர ஆசிரியர் எவரிடமும் நான் அதை அவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை.

அதே 1782இல் ஸ்கொட்லாந்தில் எல்டின் ஊர் ஜோன் கிளார்க் என்பவர் கடற்போர் முறைகள் பற்றிய கட்டுரையின் சில பிரதிகளை அச்சிட்டு நண்பர்களிடையே வழங்கினார் என்பதைப் பிற்காலத்தில் வாசித்தேன். அவர் கடற்படையில் பணியாற்றியவர் அல்லர். சிறு கப்பல் மாதிரிகளை மேசைமேல் வைத்து நகர்த்தி நகர்த்தியே தம் கருத்துகளை வகுத்தவர். அவருடைய நூலைக் கடற்படை அதிகாரிகளே பின்னர் தேடி வாசித்தார்கள். அவருக்கும் என் தந்தையாருக்கும் ஒருவரையொருவர் தெரிய வழியில்லை. இருவருக்கும் மரத்துண்டு போதுமாயிருந்தது.

இவற்றையெல்லாம் பேரனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “சரி அம்மப்பா, இப்ப என்ன செய்யிறது?” என்றான். நியாயமான கேள்வி. உபதேசம் மேசையில் நிற்காது. மறுநாள் காலை இருவரும் நகரத்தைச் சுற்றக் கிளம்பினோம். நாங்கள் கண்டவற்றை, இதே தேவையுள்ள பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படுமென்று இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலாவது, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலுள்ள கடைகள். மணிமாலை, விபூதிப் பை, தொப்பி இவற்றிடையே சிறு பிளாஸ்டிக் விலங்குகளைப் பைகளில் தொங்கவிட்டிருந்தார்கள். முதலை, சிங்கம், பெயர் தெரியாத பல்லி. கைகக்ஸ் வாங்கிய பையின் பேரப்பிள்ளை என்று எனக்குத் தோன்றியது. ஒரு பை ஒரு காட்டுக்குப் போதும். நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கையில் கோட்டைக்குள் உலவும் புள்ளிமான் ஒன்று வந்து கடைக்காரரின் வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டுப் போனது.

இரண்டாவது, தாள். இதுவே எல்லாவற்றிலும் மலிவு. எல்லாவற்றிலும் சிறப்பு என்றும் சொல்வேன். உருவத்தை முன்னும் பின்னுமாகத் தடித்த தாளில் வரைந்து, கூரைபோல் மடித்து ஒட்டி, அடியில் பாரம் வைத்தால் நிற்கும். பாரத்திற்குப் பத்து ரூபா நாணயம் பொருத்தம். பதினொரு பக்கமுள்ள அந்த நாணயம் ஏறத்தாழ ஓர் அங்குல அகலம். ஒரு கட்டத்தை அளந்து செய்தது போல் அமரும். ஆட்டம் முடிந்ததும் நாணயத்தைக் கழற்றிக் கடைக்குப் போகலாம். பூதங்களுக்குச் சோடா மூடி. இது எங்கள் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாக்சன் நிறுவனம் 1980இலேயே அட்டை உருவங்களைத் தாளாக அச்சிட்டு விற்றிருக்கிறது.

மூன்றாவது, களிமண். வெயிலில் காயவைத்தால் மட்டும் போதாது, விரைவில் உதிரும். சூளையில் சுட்டால் நெடுநாள் இருக்கும். கை கால்களை உடலோடு ஒட்டியே பிடிக்க வேண்டும். நீட்டிய வாள் எந்த மண்ணிலும் நிற்காது; ஈர்க்கை முதலிலேயே செருகிவிட வேண்டும்.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. மீனவர் வீடுகளில் வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயக் குண்டுகள் கோப்பார்கள். அதை உருக்கி அச்சில் ஊற்றினால் உலோக வீரன் கிடைப்பான் என்று பிள்ளைகளுக்கு யோசனை வருவது இயல்பு. பழைய பொம்மை வீரர்கள் ஈயத்தாற் செய்யப்பட்டவர்களே. ஆனால் ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 1990களில் நியூயோர்க் மாநிலத்தில் இதற்கெதிராகச் சட்டம் எழுந்தபோது, சிற்றுருவ நிறுவனங்கள் பல ஈயமற்ற உலோகக் கலவைக்கு மாறின. மலிவென்பதற்காக நஞ்சை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

முப்பரிமாண அச்சுப்பொறி பற்றியும் பேரன் சொன்னான். நல்ல கருவி. நாலைந்து குழுக்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினால் ஓர் உருவத்தின் செலவு மிகக் குறையும். இலவசமாகக் கிடைக்கும் வடிவக் கோப்புகளும் ஏராளம். ஆனால் ஒரு சிற்பி விலைவைத்து விற்கும் கோப்பைத் திருட்டுத்தனமாகப் பகிர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் கட்டுரைகளைப் பெயர் நீக்கிப் பிறர் பக்கங்களில் கண்டு நொந்தவன் நான். வறுமை, இன்னொரு கைவினைஞனின் கூலியை எடுக்க உரிமை தராது. வாங்கத்தான் வேண்டுமென்றால், வண்ணம் பூசாத பிளாஸ்டிக் உருவங்கள் மலிவு. 2012இல் ரீப்பர் என்னும் அமெரிக்க நிறுவனம் அத்தகைய உருவங்களுக்காகப் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டபோது முப்பது இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. மலிவான உருவத்துக்கு ஏங்குவோர் திருகோணமலையில் மட்டும் இல்லை என்பதற்கு அது சாட்சி.

பகடை ஒன்றுதான் கையால் செய்யக் கடினம். இவ்விளையாட்டுக்கு இருபது முகப் பகடை வேண்டும். அதற்கும் வழியுண்டு. 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது அந்த அமெரிக்க நிறுவனமே தன் பெட்டிக்குள் பகடைக்குப் பதிலாக எண்ணிட்ட சிறு அட்டைத் துண்டுகளை வைத்து விற்றது. குவளையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையைப் பாடசாலையில் படித்த நமக்கு இது புதிதா என்ன? பேரனின் குழு பால்மா டின்னொன்றில் இருபது சீட்டுகளைப் போட்டிருக்கிறது. எடுத்த சீட்டை மறுபடி போட மறந்து ஒருநாள் பெரிய வழக்கே நடந்தது.

இதை வாசிக்கும் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். என் பழைய சகபாடி ஒருவரே கேட்டுவிட்டார்: “இந்த ஊரில் நாம் பார்த்த போர் போதாதா? பிள்ளைகளின் கையில் மறுபடியும் வாளும் வில்லுமா?”

இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு தரையில் ஆடும் போர் விளையாட்டைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மெய்யான போர் எத்தனை மூடத்தனமானது என்பதை உணர்த்தப் பொம்மைப் போரே போதும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. பொம்மை வீரர்கள் போரைத் தடுக்கவில்லை. போரை உண்டாக்கியதும் அவர்கள் அல்லர்.

நான் கண்ட போர் பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து வந்ததன்று. அது முதலில் விழுங்கியவற்றுள் ஒன்று பிள்ளைகளின் மாலைப்பொழுது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் கூடியிருந்த மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தியாக எழுதிய கைகளுள் என் கையும் ஒன்று. அதன்பின் நெடுங்காலம் இந்த நகரில் பொழுது சாயுமுன் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக் கதவடைத்தோம். நாலு பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி நின்றாலே பெற்ற வயிறு கலங்கும். இன்று மூன்று சமூகத்துப் பிள்ளைகள் இரவு எட்டு மணிவரை ஒரு விறாந்தையில் அமர்ந்து, ஒரே குகைக்குள் ஒரே பக்கமாக நின்று, ஒரு பல்லியை எதிர்த்துப் போரிடுகிறார்கள். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, விட்டுவிட்டு ஓடுவதா என்று அரைமணி நேரம் வாதாடுகிறார்கள். பெரும்பாலும் தூக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். என் சகபாடியை ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மேசையில் ஒரு நாற்காலி வெறுமையாவது எனக்குப் பொறுக்கவில்லை. போரும் புலப்பெயர்வும் 2004இன் ஆழிப்பேரலையும் எங்கள் மேசைகளிலிருந்து போதுமானவர்களை எடுத்துச் சென்றுவிட்டன. ஒன்பதாயிரம் ரூபாப் பொம்மைக்கும் ஒருவனைக் கொடுக்க வேண்டுமா?

வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் நீங்கள் அன்போடு அனுப்பும் பெட்டிகளை நான் குறைகூறவில்லை. சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ என்னும் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ என்று தமிழாக்கினார். அதில் ஏழையாகிவிட்ட சாருதத்தனின் சிறுவன், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டிக்காக அழுகிறான். அவனிடம் இருப்பது மண்வண்டி. வசந்தசேனை மனமிரங்கித் தன் நகைகளைக் கழற்றி அந்த மண்வண்டியில் இடுகிறாள். அந்நகைகளே பின்னர் வழக்குமன்றத்தில் அவன் தந்தைக்கு எதிரான சான்றாகிவிடுகின்றன. ஒரு பிள்ளைக்கு நீங்கள் அனுப்பும் பொன்வண்டி, பக்கத்துப் பிள்ளையின் மண்வண்டியை என்ன செய்யும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அனுப்புவதானால் ஒருவனுக்கு ஒரு வீரனை அனுப்பாமல், எல்லோருக்குமாகச் சில பகடைகளை அனுப்புங்கள். பகடைக்கு யாரும் தனியுரிமை கொண்டாடுவதில்லை.

இனி முடிவு. பேரனும் நண்பர்களும் கூடிப் பேசிப் புதிய விதியொன்று செய்தார்கள்: அவரவர் உருவத்தை அவரவரே செய்ய வேண்டும், கடையில் வாங்கியவை எல்லாம் பொதுப்பெட்டிக்கு. விலையுயர்ந்த உருவங்களை வைத்திருந்த இருவரும் முகம் சுளித்தாலும் கொடுத்துவிட்டார்கள். விதியைச் சொல்ல மீனவர் வீட்டுப் பையனிடம் பேரன் சைக்கிளில் போனான். நான் போகவில்லை, பெரியவர்கள் தலையிட்டால் அது அழைப்பாக இராது, அனுதாபமாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பேரும் வந்திருந்தார்கள். அவன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தான். கரையொதுங்கும் கணவாய் ஓட்டைக் கூரிய ஆணியால் செதுக்கிச் செய்த ஓர் உருவம். வெள்ளை வெளேரென்ற கிழவன் ஒருவன், தோளில் வலை, கையில் துடுப்பு. கணவாய் ஓடு மென்மையானது. நகம் பட்டாலே கீறும். அதில் வலைக்கண்களைத் தனித்தனியாகக் கீறியிருந்தான். அப்பப்பாவைப் பார்த்துச் செய்ததாம்.

கதைசொல்லிப் பையன் அதை எடுத்துக் கட்டத்தில் வைத்தான். “இவருக்கு வாள் இல்லையே, என்ன செய்வார்?” என்று ஒருவன் கேட்டான்.

“வலை எறிவார்” என்றான் அவன்.

டின்னைக் குலுக்கினார்கள். பதினேழு வந்தது. கோயிலடியில் வாங்கிய பல்லி வலைக்குள் அகப்பட்டது. அவர்கள் போட்ட கூச்சலில் அன்றைய பத்திரிகையையும் நான் வாசித்து முடிக்கவில்லை.